‘டு’வுக்குப் பிறகு ‘இங்’ வருமா?

வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்களில் பலர் கடைசி வரியில்தான் தடுமாறுகிறார்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று முடிப்பதா, ‘டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்று முடிப்பதா? ‘டு’ வந்தால் அடுத்து ‘கோ’, ‘கம்’, ‘ஈட்’ என்று வினையை வெறுமனே போட வேண்டும் என்றுதான் பள்ளியில் படித்தோம். ‘டு ஹியரிங்’ என்றால் காதில் ஏதோ உறுத்துகிறது. ஆனாலும் சரியானது அதுதான். ஒரு டீ குடிக்கிற நேரம் கொடுத்தால் ஏன் என்று சொல்லிவிடலாம். மனப்பாடத்துக்குப் பட்டியல் எதுவும் கிடையாது; பயப்படாமல் உட்காருங்கள்.

இன், ஆன், அட், ஆஃப், ஃபார், ஃப்ரம், பை, வித்தவுட், அபவுட், பிஃபோர், ஆஃப்டர் போன்றவற்றை ஆங்கிலத்தில் பிரிபொசிஷன் என்கிறார்கள். பெயருக்கு முன்னால் நின்று அந்தப் பெயரை வாக்கியத்தோடு இணைப்பது இவற்றின் வேலை. நம் மொழியில் அதே வேலையைப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வேற்றுமை உருபுகளும் சொல்லுருபுகளும் செய்கின்றன: பெட்டியில், மழையால், ஊரிலிருந்து, சாப்பாட்டுக்கு முன். அவர்கள் முன்னால் வைக்கிறார்கள், நாம் பின்னால் வைக்கிறோம்.

இப்போது ‘படி’ என்ற வினையோடு ‘இல்’ உருபைச் சேர்த்துப் பாருங்கள். ‘எனக்குப் படித்தேனில் ஆர்வம்’ என்று யாராவது சொல்வார்களா? ‘படிக்கயில் ஆர்வம்’ என்பதும் ஒட்டாது. ‘படிப்பதில் ஆர்வம்’ என்கிறோம். உருபு வந்து உட்கார இடம் வேண்டும் என்பதற்காக வினையை முதலில் பெயராக்கிக்கொள்கிறோம். வேற்றுமை உருபை ஏற்பது பெயர் என்று இலக்கண வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். வகுப்புப் பக்கமே போகாதவர்களும் அந்த விதியைத் தவறாமல் கடைப்பிடிக்கிறார்கள்.

ஆங்கிலத்திலும் சட்டம் இதுவே. ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டட் இன்’ என்று சொல்லி நிறுத்தினால், ‘இன்’ ஒரு பெயருக்காகக் காத்திருக்கிறது. ‘மியூசிக்’ என்று ஒரு பெயரைக் கொடுத்தால் வேலை முடிந்தது. படிப்பதில் ஆர்வம் என்று சொல்ல ‘ரீட்’ என்ற வினையைக் கொடுத்தால் அது ஏற்காது. ‘இங்’ சேர்த்து ‘ரீடிங்’ என்று பெயராக்கிக் கொடுக்க வேண்டும். இப்படிப் பெயராகிவிட்ட வினைக்குத்தான் ஜெரண்ட் என்று பெயர். நம் தொழிற்பெயருக்கு உறவுக்காரர்.

இதை வைத்துக்கொண்டு சில வாக்கியங்களைப் பாருங்கள். ‘ஷீ இஸ் குட் அட் சிங்கிங்’: பாடுவதில் கெட்டிக்காரி. ‘இன்ஸ்டெட் ஆஃப் கோயிங்’: போவதற்குப் பதிலாக. ‘தேங்க்ஸ் ஃபார் கமிங்’: வந்ததற்கு நன்றி. தமிழில் ‘போவதற்கு’, ‘வந்ததற்கு’ என்று காலம் மாறுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘இங்’ போதும். செயல் முன்பே நடந்து முடிந்தது என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் மட்டும் ‘ஹாவிங்’ துணைக்கு வரும்: ‘ஹீ வாஸ் அக்யூஸ்ட் ஆஃப் ஹாவிங் ஸ்டோலன் தி மணி’, பணத்தைத் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டார்.

எதிர்மறைக்கும் வழி உண்டு. திருக்குறளின் அதிகாரத் தலைப்புகளை நினைத்துப் பாருங்கள். விருந்தோம்பல், புலால் மறுத்தல், கொல்லாமை, கள்ளுண்ணாமை, வெகுளாமை: அத்தனையும் தொழிற்பெயர்கள். எதிர்மறைக்கு வள்ளுவர் ‘ஆமை’யைச் சொல்லுக்குள்ளேயே வைத்துவிடுகிறார். ஆங்கிலத்தில் ‘நாட்’டைத் தனியாக முன்னால் வைக்க வேண்டும்: ‘ஸாரி ஃபார் நாட் கமிங்’, வராமைக்கு வருந்துகிறேன். ‘ஃபார் டோன்ட் கமிங்’, ‘ஃபார் டிட் நாட் கம்’ என்றெல்லாம் எழுதக் கூடாது.

ஜெரண்ட் பெயராகிவிட்டது என்றதும் முழுப் பெயர் என்று எண்ணிவிடக் கூடாது. பள்ளியிலிருந்து அலுவலகத்துக்கு மாறுதலில் வந்த வாத்தியார் மாதிரி அது. நாற்காலி மாறிவிட்டது, பேச்சு இன்னும் வகுப்பறைப் பேச்சுதான். ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம். ‘ஹீ காட் எ ப்ரைஸ் ஃபார் டிரைவிங் தி பஸ் ஸேஃப்லி’: பஸ்ஸைப் பத்திரமாக ஓட்டியதற்குப் பரிசு வாங்கினார். வெளியிலிருந்து பார்த்தால் ‘டிரைவிங்’ ஒரு பெயர். அதனால்தான் ‘ஃபார்’ அதை ஏற்றுக்கொண்டது. உள்ளே போய்ப் பார்த்தால் அது இன்னும் வினை. எதை ஓட்டினார் என்று கேட்டால் ‘தி பஸ்’ என்ற செயப்படுபொருள் இருக்கிறது. எப்படி ஓட்டினார் என்று கேட்டால் ‘ஸேஃப்லி’ என்ற வினையடை இருக்கிறது.

தமிழ்ப் பக்கமும் அப்படியே: பஸ்ஸை, பத்திரமாக, ஓட்டியதற்கு. ‘பத்திரமான ஓட்டியதற்கு’ என்று நாம் சொல்வதில்லை, ஏனென்றால் ‘ஓட்டியது’ பெயர் வேடத்தில் இருக்கும் வினை. ‘ஓட்டம்’ என்பது முழுப் பெயராகவே மாறிவிட்ட சொல். அதற்கு ‘வேகமான ஓட்டம்’ என்று பெயரடைதான் பொருந்தும். ஆங்கிலத்திலும் ‘ஸேஃப் டிரைவிங்’ என்று பெயரடை போட்டால் ‘டிரைவிங்’ முழுப் பெயர் பக்கம் சாய்ந்துவிடும். அப்புறம் பஸ்ஸைச் சேர்க்க வேண்டுமானால் ‘தி ஸேஃப் டிரைவிங் ஆஃப் தி பஸ்’ என்று ‘ஆஃப்’ வைத்துத்தான் சேர்க்க முடியும். ‘ஸேஃப்’ போடுவதா, ‘ஸேஃப்லி’ போடுவதா என்ற குழப்பம் இந்த இடத்தில் தீர்ந்துவிடுகிறது.

சரி, ‘டு’வுக்கு வருவோம். ஆங்கிலத்தில் இரண்டு ‘டு’ இருக்கின்றன. ஒன்று அசல் பிரிபொசிஷன், நம் ‘கு’ உருபு போல: ‘டு மதுரை’, மதுரைக்கு. இன்னொன்று வினையோடு ஒட்டி வரும் வெறும் அடையாளம்: ‘டு கோ’, போக. முதலாவதுக்குப் பெயர் வேண்டும். இரண்டாவதுக்கு வெறும் வினை போதும். பார்வைக்கு ஒன்றாக இருப்பதால்தான் இத்தனை குழப்பம்.

பழைய ஆங்கிலத்தில் இந்த இரண்டும் ஒன்றே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ‘குடிக்க’ என்பதற்கு ‘ட்ரிங்கன்’ என்றார்கள். அதற்கு முன்னால் ‘டு’ வந்தால் வினையின் வடிவம் மாறி ‘டு ட்ரிங்கென்னே’ என்று ஆனது. பெயர்கள் நான்காம் வேற்றுமைக்கு மாறுவது போல வினையும் மாறியது. கிட்டத்தட்ட நம் ‘குடிப்பதற்கு’. நாளடைவில் கடைசி அசைகள் தேய்ந்து விழுந்தன, ‘ட்ரிங்க்’ மட்டும் மிஞ்சியது. ‘டு’ தன் பொருளை இழந்து, வினைக்கு முன் நிற்கும் அடையாளமாகச் சுருங்கிவிட்டது. ‘டு’வுக்குப் பிறகு வினை வெறுமனே வரும் என்று பள்ளியில் படித்தோமே, அது இந்தத் தேய்ந்துபோன ‘டு’வுக்கு மட்டும் உரிய விதி.

‘இங்’குக்கும் ஒரு கதை உண்டு. பழைய ஆங்கிலத்தில் தொழிற்பெயருக்கு ‘உங்’ அல்லது ‘இங்’ விகுதி இருந்தது. ‘பாடுகிற’ என்ற பெயரெச்சப் பொருளுக்கு ‘எண்டே’ என்ற வேறு விகுதி இருந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டும் கலந்து ஒரே ‘இங்’ ஆகிவிட்டன. ஜெர்மன் மொழி இன்றும் ‘உங்’, ‘எண்ட்’ என்று இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. ‘ஐ லைக் சிங்கிங்’ என்பதில் ‘பாடுவது’ என்றும், ‘தி கேர்ள் சிங்கிங் தேர்’ என்பதில் ‘பாடுகிற’ என்றும் ஒரே சொல் இரண்டு பொருள் தருவது இதனால்தான். 2002இல் வந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணத்தில் ஹடில்ஸ்டனும் புல்லமும் இரண்டையும் பிரிக்காமல் ஒரே பெயரில் சேர்த்துவிட்டார்கள். நமக்கு அந்த விவாதம் தேவையில்லை. பிரிபொசிஷனுக்குப் பின்னால் வந்தால் அது ‘பாடுவது’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ‘டு’ என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ‘டு’வுக்குப் பிறகு வினையை எடுத்துவிட்டு ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் லெட்டர்’: பொருள் வருகிறது, ஆகவே இது பிரிபொசிஷன். வினை வந்தால் ‘இங்’ போட வேண்டும். ‘ஐ வான்ட் டு யுவர் லெட்டர்’: பொருளே இல்லை, ஆகவே இது வினையோடு ஒட்டிய ‘டு’. ‘ஐ வான்ட் டு ரைட்’ என்று வெறும் வினைதான் வரும். ‘ஆப்ஜெக்ட் டு’, ‘அக்கஸ்டம்ட் டு’, ‘அடிக்டட் டு’, ‘இன் அடிஷன் டு’, ‘வென் இட் கம்ஸ் டு’ எல்லாம் இந்தச் சோதனையில் பெயரை ஏற்கும். அதனால் எல்லாவற்றுக்கும் ‘இங்’. நம் அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி வரும் ‘வித் எ வியூ டு’ என்பதும் இதே இனம். ‘வித் எ வியூ டு இம்ப்ரூவ்’ என்று எழுதினால் பிழை. ‘டு இம்ப்ரூவிங்’ என்றிருக்க வேண்டும்.

சோதனைக்குப் பிடிபடாத சில சொற்களும் உண்டு. ‘அக்ரீ’, ‘என்டைட்டில்ட்’ இரண்டும் பெயரையும் ஏற்கும், வெறும் வினையையும் ஏற்கும்: ‘ஐ அக்ரீ டு தி ப்ளான்’, ‘ஐ அக்ரீ டு பே’. இத்தகையவை மிகச் சில, பார்க்கும்போது தெரிந்துகொள்ளலாம்.

கையில் டீ இருப்பதால் இந்த இரண்டு வாக்கியங்களையும் கேளுங்கள். ‘ஐ யூஸ்ட் டு ட்ரிங்க் டீ’ என்றால் முன்பு டீ குடிப்பேன், இப்போது விட்டுவிட்டேன் என்று பொருள். ‘ஐ ஆம் யூஸ்ட் டு ட்ரிங்கிங் டீ’ என்றால் டீ குடித்துப் பழகியவன் என்று பொருள். ஒரு ‘ஆம்’, ஒரு ‘இங்’, அவ்வளவுதான் வித்தியாசம். முதலாவதைச் சொன்னால் உபசரிப்பவர் டம்ளரை எடுத்துப் போய்விடலாம்.

இனி, தமிழ் நம்மை வழி தவறவைக்கும் இடங்கள். இவை தெரியாமல்தான் பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வங்கித் தேர்விலும் எஸ்.எஸ்.சி. தேர்விலும் தவறைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகளில் இவற்றைப் பார்க்கலாம்.

முதலாவது, ‘செய’ என்னும் எச்சம். ‘உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன்’ என்கிறோம். ‘சந்திக்க’ என்பது நம் மனத்தில் உடனே ‘டு மீட்’ ஆகிவிடுகிறது. அதேபோல ‘இதைச் செய்ய வல்லவர்’ என்று நினைத்து ‘கேப்பபிள் டு டூ’ என்று எழுதிவிடுகிறோம். ‘கேப்பபிள்’ என்ற சொல்லுக்கு ‘ஆஃப்’ உரியது. ‘ஆஃப்’ வந்தால் ‘டூயிங்’ வர வேண்டும். அதே பொருள் தரும் ‘ஏபிள்’ என்பதற்கோ ‘டு டூ’தான். எந்தச் சொல் எந்தப் பிரிபொசிஷனைக் கூட்டி வருகிறது என்பதைச் சொல்லோடு சேர்த்தே பழக வேண்டும். அது தெரிந்துவிட்டால் ‘இங்’ தானாக வந்துவிடும்.

இரண்டாவது, ‘சொல்லாமல்’. ‘அவன் சொல்லாமல் போய்விட்டான்.’ தமிழில் ஒரே சொல்லில் வேலை முடிகிறது. அதற்குள் பெயரும் இல்லை, உருபும் இல்லை. ஆங்கிலத்தில் அதையே ‘வித்தவுட்’, ‘ஸே’ என்று இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. பிரித்ததும் ‘ஸே’யைப் பெயராக்க மறந்து ‘வித்தவுட் ஸே’ என்று விட்டுவிடுகிறோம். ‘வித்தவுட்’ பிரிபொசிஷன், ஆகவே ‘வித்தவுட் ஸேயிங்’. யாரும் கேட்காமலே உதவினான் என்றால் ‘வித்தவுட் பீயிங் ஆஸ்க்ட்’.

மூன்றாவது, ‘முடித்த பிறகு’. நம் ‘பிறகு’ காலம் காட்டும் பெயரெச்சத்தை ஏற்கும். அதை அப்படியே பெயர்த்தால் ‘ஆஃப்டர் ஃபினிஷ்ட் தி வொர்க்’ என்று வந்து நிற்கும். ‘ஆஃப்டர் ஃபினிஷிங் தி வொர்க்’ என்பதே சரி.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஆஃப்டர், பிஃபோர், சின்ஸ் மூன்றும் இரண்டு வேலை பார்ப்பவை. பின்னால் எழுவாய் வந்தால் அவை இணைப்புச் சொல். காலம் காட்டும் வினை வரும்: ‘ஆஃப்டர் ஐ ஃபினிஷ்ட் தி வொர்க்’. எழுவாய் இல்லையென்றால் பிரிபொசிஷன், ‘ஃபினிஷிங்’ வரும். ‘வித்தவுட்’, ‘டிஸ்பைட்’, ‘இன்ஸ்டெட் ஆஃப்’ போன்றவற்றுக்கு இந்த இரட்டை வேலை கிடையாது. ‘டிஸ்பைட் ஹீ வாஸ் டயர்ட்’ என்பது பிழை. ‘டிஸ்பைட் பீயிங் டயர்ட்’ என்று எழுதலாம்; எழுவாயை விட மனமில்லையென்றால் ‘ஆல்தோ ஹீ வாஸ் டயர்ட்’ என்று மாற்றிக்கொள்ளலாம்.

எழுவாய் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. ‘சாப்பிட்ட பிறகு போன் வந்தது’ என்பது நல்ல தமிழ். யார் சாப்பிட்டார்கள் என்பதைக் கேட்பவர் புரிந்துகொள்வார். ‘ஆஃப்டர் ஈட்டிங் டின்னர், தி போன் ரேங்’ என்று எழுதினால் போன் சாப்பிட்டதாகப் பொருள் வந்துவிடும். பொதுவாக ஜெரண்டுக்குத் தனி எழுவாய் சொல்லாதபோது, முதன்மை வாக்கியத்தின் எழுவாயே அதற்கும் எழுவாய் என்று ஆங்கிலம் எடுத்துக்கொள்ளும். ‘ஆஃப்டர் ஐ ஹேட் ஈட்டன்’ என்று ஆளைச் சொல்லிவிட்டால் வம்பு இல்லை.

ஆளைச் சொல்லி, ‘இங்’கையும் வைத்துக்கொள்ள முடியுமா? முடியும். ‘ஐ ஆம் ஷ்யூர் ஆஃப் ஹிஸ் வின்னிங்’ என்றும் ‘ஹிம் வின்னிங்’ என்றும் இரண்டு வகை உண்டு. இதைப் பற்றி ஆங்கில அறிஞர்களுக்குள்ளேயே பெரிய சண்டை நடந்தது. ‘மாடர்ன் இங்கிலீஷ் யூஸேஜ்’ என்ற புகழ்பெற்ற கையேட்டை 1926இல் வெளியிட்ட ஃபௌலர், ‘ஹிம் வின்னிங்’ போன்ற அமைப்பைக் கண்டால் கொதிப்பவர். டென்மார்க் நாட்டு இலக்கண அறிஞர் யெஸ்பர்சன், நல்ல ஆங்கில எழுத்தாளர்களே அப்படி எழுதியிருப்பதை எடுத்துக்காட்டி அவரோடு மோதினார். நமக்கு இதில் வியப்பு வேண்டாம். ‘அவனது வருகை’ என்று முழுப் பெயருக்கு ஆறாம் வேற்றுமை போடுகிறோம், ‘அவன் வருவது’ என்று வினைத்தன்மை மிச்சமிருக்கும் பெயருக்கு எழுவாயையே வைக்கிறோம். ஜெரண்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் இரண்டு பக்கமும் இழுபடுகிறது. இன்று இரண்டும் வழக்கில் இருக்கின்றன. முறையான எழுத்தில் ‘ஹிஸ்’ போட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

விதிவிலக்குகள் மிகக் குறைவு. ‘பட்’, ‘எக்ஸெப்ட்’ இரண்டும் ‘தவிர’ என்ற பொருளில் வரும்போது வெறும் வினையை ஏற்பதுண்டு: ‘ஹீ டிட் நத்திங் பட் ஸ்லீப்’, தூங்கியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. ‘அபவுட் டு லீவ்’ என்றால் கிளம்பப் போகிற தறுவாய். அது இறுகிப்போன மரபுத்தொடர். ‘அபவுட் லீவிங்’ என்றால் கிளம்புவதைப் பற்றி.

விதியைக் கற்ற உற்சாகத்தில் எதிர்ப்பக்கம் விழுவதும் உண்டு. ‘ஐ கேம் ஹியர் ஃபார் மீட்டிங் யூ’ என்று நம் ஊரில் அடிக்கடி கேட்கலாம். பிரிபொசிஷன், அதன் பின் ஜெரண்ட், எல்லாம் சரிதான். ஆனால் ஒருவர் எதற்காக ஒரு காரியம் செய்தார் என்று சொல்ல ஆங்கிலேயர் ‘டு மீட் யூ’ என்பார்கள். ஒரு பொருள் எதற்குப் பயன்படுகிறது என்று சொல்லும்போது ‘ஃபார்’ வரும்: ‘எ நைஃப் ஃபார் கட்டிங் ஃப்ரூட்’. நன்றி, மன்னிப்பு, தண்டனை, பாராட்டு இவற்றின் காரணத்தைச் சொல்லவும் அது வரும். வந்த நோக்கத்துக்கு ‘டு’, வந்ததற்கான நன்றிக்கு ‘ஃபார்’.

இந்தச் சட்டம் உலகத்து மொழிகளுக்கெல்லாம் பொது என்று நினைத்துவிடாதீர்கள். பிரெஞ்சில் ‘பேசாமல்’ என்பதற்குப் பிரிபொசிஷனுக்குப் பின் வினையின் மூல வடிவத்தையே வைக்கிறார்கள். ஸ்பானிய மொழியிலும் அப்படித்தான். லத்தீனில் மூல வடிவம் அந்த இடத்துக்கு வராது. அதற்கென்றே ஒரு தனி வடிவம் வைத்திருந்தார்கள். ஜெரண்ட் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். குற்றச் செய்திகளில் படிக்கிற ‘மோடஸ் ஆபரண்டி’யில் இருக்கும் ‘ஆபரண்டி’ அந்த வடிவமே: செயல்படுவதன் முறை. பிரெஞ்சுக்காரர் ஆங்கிலம் கற்கும்போது தன் மொழிப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தமிழருக்கு அந்தச் சிரமம் இல்லை, ‘படிப்பதில்’ என்று சொல்லும் பழக்கம் ஏற்கெனவே நாக்கில் இருக்கிறது.

ஆகவே கைடுகளில் இருக்கிற நூறு சொல் பட்டியலை ஒப்பிப்பதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். பிரிபொசிஷனைக் கண்டால் அடுத்து ஒரு பெயரை எதிர்பாருங்கள், ‘டு’வைக் கண்டால் பெயரை வைத்துச் சோதியுங்கள், எழுவாய் இருக்கிறதா என்று ஒரு கண் பாருங்கள். அப்புறம் தினமும் ஆங்கில நாளிதழில் ஒரே ஒரு செய்தியை எடுத்து, பிரிபொசிஷனுக்குப் பின்னால் வருகிற ‘இங்’ சொற்களுக்குக் கீழே பென்சிலால் கோடு போடுங்கள். பட்டியல் மறந்துபோகும், இப்படிக் கண்ணில் பட்டுப் பட்டுப் பழகியது மறக்காது.